தட்டு கழுவும் விதி

அன்று காலை ஜெசிந்தா என் தட்டைக் கழுவினாள்.

கணவன் தட்டை மனைவி கழுவியதில் எழுத என்ன இருக்கிறது என்று பூமியில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். எங்கள் பதினேழு ஆண்டுக் குடித்தனத்தில் அது மூன்றாவது முறை. செரஸ் குறுங்கோளில் தட்டு கழுவுவது சின்ன வேலை இல்லை. இங்கே ஈர்ப்பு, பூமியில் உள்ளதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. தண்ணீர் வழியாது; கையைப் பற்றிக்கொண்டு முழங்கை வரை ஊர்ந்து ஏறும், விட்டால் மூக்கைத் தேடிப் போகும். அதனால் கழுவுபை என்று ஒன்று வைத்திருக்கிறோம். ஒளி ஊடுருவும் பைக்குள் தட்டைப் போட்டு, பையோடு சேர்த்துத் தைத்த உறைகளுக்குள் கைகளை நுழைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு தட்டுக்கு இருபது நிமிடம். பொறியில் போட்டால் ஒரு நிமிடம். கையால் கழுவுவது தண்டனைக்கு மட்டுமே.

ஜெசிந்தா தண்டனையில் இருந்தாள். ஊரார் சேர்ந்து எழுதித் திருத்தும் விக்கியில் நான் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை அழித்துவிட்டாள். நான் உப்புநீர்க் கிணறுகளில் பொறிப்பணி செய்பவன். மூன்றாம் கிணற்றின் சத்தம் தூங்கும் மாட்டின் மூச்சுப் போல இருக்கும் என்று எழுதியிருந்தேன்.

“நீங்க மாட்டப் பாத்திருக்கியளா?” என்றாள், பைக்குள் கைகள் இருக்க.

“இல்ல.”

“நானும் பாத்ததில்ல. அப்ப தூங்குத மாடு எப்பிடி மூச்சு விடும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“காதுல இருக்க விதைதான் சொல்லுச்சு.”

“அதான் அழிச்சேன். மத்தியானம் நானே கெணத்துக்கு வந்து கேட்டுட்டு எழுதுதேன். தட்டு சுத்தமா இருக்கா, பாத்துச் சொல்லுங்க.”

ஓரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. சொன்னால் இன்னும் ஐந்து நிமிடம் ஆகும், பள்ளிக்குப் பிந்திவிடுவாள். சுத்தமாக இருக்கிறது என்றேன்.

சொன்னபடி மதியம் வந்தாள். மூன்றாம் கிணற்றின் விளிம்பில் உப்புப்பாறை சரிந்தது. என்னை வெளியே எடுத்தார்கள். அவளை எடுக்க முடியவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. தெரிந்தது வேறு ஒன்று: இந்தத் தட்டு கழுவும் விதி எப்படி வந்தது, எங்கே போய் நின்றது என்பது. அது சிரிப்பான கதை. அவள் இருந்திருந்தால் அதைத்தான் எழுதச் சொல்லியிருப்பாள்.

எங்கள் ஊர் வெள்ளைப்பள்ளம். செரஸின் பெரிய பள்ளம் ஒன்றின் நடுவே உப்பு வெண்மையாகப் பூத்துக் கிடக்கும் இடம். மூன்று தலைமுறைக்கு முன் தூத்துக்குடி அளங்களில் உப்பு வாரிய குடும்பங்களைத் தேடிப் பிடித்து இங்கே அழைத்து வந்தார்கள். உப்பு எங்கே இருந்தாலும் உப்புதான் என்று எங்கள் முன்னோர் கிளம்பிவிட்டார்கள். பேச்சையும் குழம்பையும் கையோடு கொண்டுவந்தார்கள். மழையைத்தான் கொண்டுவர முடியவில்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. ஒரே அறை, ஓர் ஆசிரியர், பதினொரு பேர். ஆனால் அந்தக் காலத்தில் பள்ளி என்றால் படிப்பதற்கான இடமாக இல்லை. குழந்தை ஐந்து வயதை எட்டியதும் காதுக்குப் பின்னால் செவிவிதை ஊன்றுவார்கள். அரிசியில் பாதி அளவு. உலகத்தின் அறிவு முழுவதும் பூமியில் பெருங்களஞ்சியம் என்ற ஒன்றில் இருக்கிறது. விதை அதிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, கேட்டதைக் காதுக்குள் சொல்லும். அது சொல்வதைத் தடுக்கி விழாமல் திருப்பிச் சொல்வதே படிப்பு. இறக்கம் நடுவில் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும், ஒப்பிக்கும்போது கண்ணை மூடித் தலையாட்டுவதும் ஆசிரியரின் வேலை. அந்த ஆசிரியர் ஜெசிந்தாதான். முதல் இரண்டு ஆண்டு நன்றாகத் தலையாட்டினாள்.

மூன்றாம் ஆண்டு ஒரு நாள், வழக்கமான ஒப்பித்தல் முடிந்து நேரம் மிச்சமிருந்தது. சும்மா இருக்க முடியாமல், “நம்ம ஊர்ல எத்தன பேரு இருக்கோம்?” என்று கேட்டிருக்கிறாள்.

பதினொரு பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: “வெள்ளைப்பள்ளம். செரஸில் திட்டமிடப்பட்டுள்ள உப்புச் சுரங்கம். மக்கள்தொகை இல்லை.”

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சோற்றை மூடி வைத்துவிட்டாள். “ஒருத்தன்கூட திரும்பிப் பாக்கலங்க. பக்கத்துல உக்காந்திருக்கவனக்கூடப் பாக்கல. விதை இல்லன்னு சொன்னா இவனும் இல்லன்னு சொல்லிட்டான்.”

பழைய பொருட்களைத் துழாவுவது அவளுக்குப் பிடிக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் வலைப்பதிவு என்றும் விக்கி என்றும் இரண்டு இருந்தன என்றும், சில ஆசிரியர்கள் அவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பிள்ளைகளை எழுத வைத்தார்கள் என்றும் எங்கேயோ கண்டுபிடித்தாள். பள்ளிச் சுவரில் ஒரு பழைய திரை பயன்படாமல் இருந்தது. நான் அதைப் பழுதுபார்த்துக் கொடுத்தேன். விசைப்பலகையை என்னவென்று தெரியாமல் பிள்ளைகள் முகர்ந்து பார்த்தார்கள்.

“பதிவுல நீ சொல்லு. விக்கில நாம சொல்லுவோம்,” என்று அவள் விளக்கினாள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வலைப்பதிவு. அன்று கண்டதை, கேட்டதை, சண்டை போட்டதை எழுதலாம்; அதில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு விக்கி. ஊரைப் பற்றி எழுத வேண்டும். அங்கே யாரும் யாருடையதையும் அழிக்கலாம், மாற்றலாம். ஒரே கட்டுப்பாடு, விதை சொன்னதை எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததை, நாக்கால் ருசித்ததை, எண்ணியதை, அளந்ததை எழுத வேண்டும்.

முதல் வாரம் அழிப்பு மட்டுமே நடந்தது. ஒருவன் எழுதினால் பத்துப் பேர் பாய்ந்து அழித்தார்கள். அழிக்க முடியும் என்பதே அவர்களுக்குப் புதிது. பொத்தானை விட்டுக் கை வரவில்லை. வாரக் கடைசியில் விக்கியில் மிஞ்சியிருந்தது ஒரு முற்றுப்புள்ளி.

அப்போதுதான் அந்த விதி வந்தது. அடுத்தவர் வாக்கியத்தை அழிப்பவர், அவர் முகத்துக்கு நேரே நின்று காரணம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் சாப்பிட்ட தட்டைக் கையால் கழுவித் தர வேண்டும். இருபது நிமிடம் தேய்த்த பிறகும் அந்த வாக்கியம் தப்பு என்று தோன்றினால்தான் அது உண்மையிலேயே தப்பு என்பது ஜெசிந்தாவின் கணக்கு.

முதலில் கழுவியவள் இசக்கி. பாக்கியத்தாயின் மகள், அப்போது பன்னிரண்டு வயது. எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள். ஒன்பது வயது பிராங்ளின், “எங்கள் வீட்டுக் குழம்பே ஊரில் நல்ல குழம்பு” என்று எழுதியிருந்தான். இசக்கி அதை அழித்தாள்.

“ஏட்டி, ஏன் அழிச்ச?”

“நீ எத்தன வீட்டுல சாப்ட்ட?”

“எங்க வீட்டுல.”

“பெறவு?”

“பெறவு எதுக்கு வேற வீட்டுல சாப்பிடணும்? எங்க வீட்லதான் நல்லா இருக்கே.”

இசக்கி அவன் தட்டைக் கழுவினாள். கழுவிவிட்டு, நாற்பத்தொரு வீட்டுக்கும் போய்க் குழம்பு ருசித்தாள். ஐந்து வாரமாயிற்று. வீட்டுக்கு வீடு அவளை எதிர்பார்த்து அன்றைக்கு மட்டும் புளியைக் கூட்டிக் கரைத்தார்கள். கடைசியில் விக்கியில் இப்படி நிலைத்தது: “பிராங்ளின் வீட்டுக் குழம்பு ஊரில் மூன்றாவது நல்ல குழம்பு.” பிராங்ளின் அதை எதிர்த்து அழித்து நாலு முறை இசக்கியின் தட்டைக் கழுவினான். ஐந்தாம் முறை, முதலாவதாக வந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த வாக்கியத்தை விட்டுவிட்டான்.

ஊரே மாறிப்போனது. பிள்ளைகள் கயிறும் அளவுகோலுமாக வீடு வீடாகத் தாவினார்கள். தலைகளை எண்ணினார்கள். கிணறுகளின் ஆழத்தை அளந்தார்கள். எந்தச் சந்தில் யார் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்றுகூட ஒரு பக்கம் எழுதினார்கள். அதைப் படித்தே மூன்று சந்துகளில் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். இரண்டு ஆண்டில் விக்கி அறுநூறு பக்கமானது. ஒப்பித்தலை யாரும் நினைக்கவில்லை.

பூமியின் கல்வி அலுவலகம் நினைத்தது. அடுத்த வழங்கல் கப்பலில் ஆய்வி வந்து இறங்கியது. பள்ளிகளைச் சோதிக்கும் பொறி. முழங்கால் உயரம், நாலு சக்கரம். எங்கள் ஈர்ப்பில் சக்கரம் தரையைப் பிடிக்காமல் அது துள்ளித் துள்ளிக் கூரையில் முட்டியது. பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டி, மேசைக் காலில் முடிந்து வைத்தார்கள். அப்படி ஆடிக்கொண்டே அது விதியைப் படித்தது. பிள்ளைகள் எழுதிய ஒவ்வொரு வாக்கியமும் பெருங்களஞ்சியத்தோடு ஒப்பிடப்படும். நூற்றுக்கு அறுபது பொருந்தினால் பள்ளி தொடரும். பொருந்தாவிட்டால் பள்ளி மூடப்படும். பதினொரு பேரும் ஒன்பதாம் நாள் புறப்படும் அதே கப்பலில் செவ்வாயின் விடுதிப்பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள். போக மட்டும் பதினாலு மாதம்.

முதல் நாள் மாலையே முடிவு வந்தது. பொருத்தம் நூற்றுக்கு நான்கு.

“வெள்ளைப்பள்ளத்தில் மக்கள் இருப்பதாக எழுதப்பட்டுள்ளது. பிழை,” என்றது ஆய்வி. “வெள்ளைப்பள்ளத்தில் குழம்பு இருப்பதாக எழுதப்பட்டுள்ளது. பிழை. ஆளில்லாத இடத்தில் குழம்பு இருக்க இயலாது.”

இசக்கி அதன் எதிரே போய் நின்றாள். “அப்ப நா யாரு?”

“அந்தக் கேள்வி என் பொறுப்புக்கு உட்பட்டதல்ல.”

“ஒன்ன கயிறு போட்டுக் கட்டுனது யாரு?”

ஆய்வி சிறிது நேரம் ஆடியது. “அதுவும் களஞ்சியத்தில் இல்லை.”

மறுநாள் காலை பாக்கியத்தாய் பள்ளிக்கு வந்தாள். அவள் உப்பு வாரும் கூட்டத்தின் தலைவி. கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். “டீச்சர், எல்லாரயும் மாரி ஒப்பிக்க வுட்டிருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும்? எம் புள்ள குழம்பு குடிச்சு அலைஞ்சா, நானும் சிரிச்சிட்டு இருந்தேன். இப்ப செவ்வாய்க்கு அனுப்பிட்டு நா யாருக்குப் பொங்கிப் போட? அவ திரும்பி வாரப்ப எம் மூஞ்சி அவளுக்கு அடையாளம் தெரியுமா?”

ஜெசிந்தா அப்போதே விக்கியை மூடிவிட்டு ஒப்பிக்க வைக்கலாம் என்று உட்கார்ந்தாள். அறுபது கிடைக்க வேண்டுமென்றால் எட்டு நாளில் ஆயிரக்கணக்கான வாக்கியம் களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும். பார்த்து எழுதுவதற்காகவே களஞ்சியத்தின் பக்கத்தைச் சுவர்த்திரையில் திறந்தாள். விதை காதுக்குள் சொல்லுமே தவிர, அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பிராங்ளின்தான் முதலில் பார்த்தான். “டீச்சர், கீழ ‘திருத்துக’ன்னு ஒண்ணு இருக்கு.”

இருந்தது. சின்ன எழுத்தில், மங்கலாக. பக்கத்திலேயே, கடைசியாகத் திருத்தப்பட்டு எண்பத்தேழு ஆண்டு ஆகிறது என்ற குறிப்பும் இருந்தது.

“அதெல்லாம் நம்ம தொடக்கூடாது,” என்றாள் ஜெசிந்தா.

“நம்ம விக்கிலயும் இதே பொத்தான்தான இருக்கு?” என்றாள் இசக்கி. “தப்பா இருந்தா அழிக்கணும். காரணஞ் சொல்லணும். நீங்கதான சொன்னிய.”

அழுத்தினார்கள். செய்தி பூமிக்குப் போக அரைமணி, திரும்பி வர அரைமணி. களஞ்சியம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: சான்று? பதினொரு பேரும் சேர்ந்து எழுதினார்கள்: பார்த்தோம். அறுநூறு பக்கத்தையும் ஏற்றினார்கள். ஏழு நாளில் உலகில் யாரும் மறுக்காவிட்டால் ஏற்கப்படும் என்று பதில் வந்தது.

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. எண்பத்தேழு ஆண்டுக்கு முன் ‘மக்கள்தொகை இல்லை’ என்று எழுதியவரின் வாக்கியத்தை அழித்திருக்கிறார்களே, அவருடைய தட்டை யார் கழுவுவது? அவர் யார், எங்கே, எப்போது செத்தார், ஒன்றும் தெரியாது. இசக்கி அலமாரியிலிருந்து ஒரு புதுத் தட்டை எடுத்தாள். பதினொரு பேரும் முறை வைத்து அதைக் கழுவினார்கள். பாக்கியத்தாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளும் கையை உறைக்குள் விட்டாள்.

அந்த ஏழு நாளும் நாங்கள் பூமியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆயிரம் கோடிப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் மறுத்தால் போதும். ஒன்பதாம் நாள் காலை பெட்டிகளைக் கப்பல் வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. பிராங்ளின் வீட்டில் ஊரிலேயே மூன்றாவதான குழம்பைக் காய்ச்சிக் குழாயில் அடைத்துக்கொடுத்திருந்தார்கள். பத்தரை மணிக்குச் செய்தி வந்தது: மறுப்பவர் இல்லை. ஏற்கப்பட்டது. ஆயிரம் கோடியில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆய்வி மறுபடி ஒப்பிட்டது. கயிற்றின் முனையில் ஒரு முறை முழுதாகச் சுற்றியது.

“பொருத்தம் நூற்றுக்கு நூறு,” என்றது. “களஞ்சியத்தில் உள்ளதை ஓரெழுத்து பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். இதுவரை எந்தப் பள்ளியும் பெறாத மதிப்பெண். சிறந்த ஒப்பித்தலுக்கான முதல் பரிசை அளிக்கிறேன்.”

“நாங்க பாத்து எழுதல,” என்று ஆரம்பித்த இசக்கியின் வாயைப் பாக்கியத்தாய் பொத்தினாள். ஆனால் ஜெசிந்தாவுக்குப் பொய் தாங்காது. கயிற்றைப் பிடித்து ஆய்வியைக் கீழே இழுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் களஞ்சியத்தைப் பார்த்து எழுதவில்லை, பிள்ளைகளைப் பார்த்துத்தான் களஞ்சியம் எழுதிக்கொண்டது என்றாள்.

ஆய்வி பொறுமையாகக் கேட்டது. “அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை,” என்றது.

கப்பல் ஆய்வியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. பெட்டிகள் வீட்டுக்குத் திரும்பின. குழாய்க் குழம்பை ஊரே பங்குபோட்டுச் சாப்பிட்டது. அன்று மட்டும் அதுதான் முதலாவது நல்ல குழம்பு என்று இசக்கியே தன் வலைப்பதிவில் எழுதினாள்.

கொஞ்ச நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளைப்பள்ளத்தின் முறையைப் பூமியின் எல்லாப் பள்ளிகளிலும் கொண்டுவரப் போகிறார்களாம். அன்றைக்கு ஜெசிந்தா தரையில் கால் பாவவில்லை. இங்கே யாருக்கும் பாவாதுதான். ஆனாலும் வித்தியாசம் தெரிந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகள் தங்கள் தெருவை அளப்பார்கள், தங்கள் ஆற்றை ருசிப்பார்கள், நமக்கு மாட்டின் மூச்சைப் பற்றி எழுதுவார்கள் என்றாள். பதினாலு மாதம் காத்திருந்தாள்.

பாடநூல் வந்தது. எங்கள் விக்கியின் அறுநூறு பக்கமும் அப்படியே இருந்தது. எல்லாப் பிள்ளைகளின் விதையிலும் இறக்கிவிட்டார்களாம். பின்னிணைப்பில் வினாக்கள். ‘ஊரில் மூன்றாவது நல்ல குழம்பு எவர் வீட்டில் கிடைக்கும்? (ஒரு மதிப்பெண்)’. ‘தட்டு கழுவும் விதியின் நன்மைகளை விளக்குக (ஐந்து மதிப்பெண்)’. கூடவே உரைநூல் ஒன்று, வினா வங்கி ஒன்று.

ஜெசிந்தா படித்துக்கொண்டே போனாள். ‘விதை சொன்னதை எழுதக் கூடாது என்பதை விதையின் துணையோடு ஒப்பிக்க’ என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கினாள். விக்கல் வந்து, நான் முதுகில் தட்டி, அந்தத் தட்டலில் அவள் மிதந்து போய்ச் சுவரில் மோதி, அங்கேயும் சிரித்தாள். “ஏங்க, பிராங்ளின் அம்மாவுக்கு ஒரு மார்க்குங்க,” என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த அந்தச் சிரிப்பு, என்னிடம் இருக்கிறவற்றில் நல்ல ஒன்று.

பூமிப் பிள்ளைகளிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாம் இசக்கிக்கு. ‘அக்கா, குழம்புப் பகுதி முக்கியமா? விட்டுவிடலாமா?’ ‘அக்கா, கிணற்றின் ஆழம் போன முறை கேட்டுவிட்டார்கள், இந்த முறையும் வருமா?’ இசக்கி சலிக்காமல் எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள். பக்கத்தின் கீழே ‘திருத்துக’ என்று இருக்கும். அதை அழுத்து. உன் தெருவைப் பற்றி எழுது.

மதுரையிலிருந்து ஒரு பெண் மட்டும் மறுமொழி போட்டாள்: ‘தகவலுக்கு நன்றி அக்கா. ஆனால் அது சிலபஸில் இல்லை.’

அது வந்து நாலு மாதத்தில்தான் கிணற்று விளிம்பு சரிந்தது. அடுத்த நாள் இசக்கி என் வீட்டுக்கு வந்தாள். பதினாறு வயதில் அவள் அம்மாவின் உயரம் இருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மாமா, ஊர்ப் பக்கத்துல ஆள் எண்ணிக்கைய மாத்தணும்லா?”

“மாத்தணும்.”

“நீங்க மாத்துதியளா?”

“நீ மாத்து.”

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிட்டோம். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். தப்பென்று தெரிந்தும் நாங்கள் கைவைக்காமல் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான். பாக்கியத்தாய்க்கு அப்போது நிறைமாதம். பதினொன்றாம் நாள் இசக்கி வாசலுக்கு வெளியே இருந்தே ஒரே தாவலில் உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது.

“தங்கச்சி,” என்றாள். “நல்லா இருக்கா. அம்மாவும் நல்லா இருக்கா. மாமா, மாத்த வேண்டாம்.”

பூமியில் இது தேர்வுக் காலம். பாடநூலின் முதல் வினா ஒரு மதிப்பெண் வினா: வெள்ளைப்பள்ளத்தின் மக்கள்தொகை எவ்வளவு? விடைக்குறிப்பில் இருநூற்றுப் பதினான்கு என்று போட்டிருக்கிறார்கள். நேற்றும் எண்ணிப் பார்த்தோம். இருநூற்றுப் பதினான்குதான்.